கழுவாமல் வைத்த கம்பளி

விளக்கைச் சுற்றிப் பறக்கிற பூச்சியைப் பார்த்ததும், "ஐயோ, துணிய அரிக்கிற பூச்சி வந்துருச்சு" என்று விளக்குமாற்றைத் தூக்குகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். அது பாவப்பட்ட பூச்சி. அதற்கும் உங்கள் பட்டுச் சேலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. துணியைக் கெடுக்கிற அந்துப்பூச்சிக்கு வெளிச்சமே ஆகாது. அலமாரியைத் திறந்தால் பறக்காது, மடிப்புக்குள் ஓடி ஒளியும். பாதி நெல்மணி அளவு இருக்கும், வைக்கோல் நிறம். அதுவும் எதையும் தின்னாது, தின்ன வாயே கிடையாது. தின்பதெல்லாம் அது இடுகிற முட்டையிலிருந்து வருகிற புழு. இதையெல்லாம் நான் பட்டம் வாங்கித் தெரிந்துகொள்ளவில்லை. இலங்கை மலைநாட்டில், பதுளையில் பதினொரு வருடம் எனக்கு இதுதான் வேலை.

எழுபதுகளில் அங்கே ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் சின்னதாக ஒரு மியூசியம் இருந்தது. மூன்றே அறைகள். தோட்டங்களை விட்டுக் கப்பலேறிய வெள்ளைக்காரத் துரைமார்கள் கொடுத்துவிட்டுப் போன சாமான்கள்தான் முக்கால்வாசி. முதல் அறையில் பீங்கான், அடுத்ததில் பித்தளை, கடைசி அறையில் துணி. துணி அறை என் பொறுப்பு. குதிரைச் சவாரிக் கோட்டுகள், பாதிரியார் அங்கிகள், சரிகை வைத்த கண்டிச் சட்டைகள், ஒரு இறகு விசிறி, பட்டாளத்துச் சிவப்புக் கோட்டு ஒன்று, எந்தத் துரையின் கட்டிலிலோ கிடந்த கட்டம் போட்ட பெரிய கம்பளிப் போர்வை ஒன்று. எல்லாம் ஆட்டு ரோமம், பட்டு, இறகு. புழுவுக்கு அது கல்யாண வீட்டுப் பந்தி. பந்தியில் ஒருத்தரையும் உட்காரவிடாமல் விரட்டுவதுதான் என் உத்தியோகம்.

நான் நமுனுகுல மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். அப்பா இறந்த பிறகு, கோயில் பாதிரியார் சொல்லி அந்தப் பள்ளிக்கூட விடுதியில் சேர்த்தார்கள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. கூட்டிப் பெருக்குகிற வேலைக்கு அங்கேயே இருந்துகொண்டேன். கை சுத்தம், சாமான் உடைப்பதில்லை என்று பார்த்துவிட்டுத் துணி அறையைத் தந்தார்கள்.

தந்தவர் மிஸ். மியூசியத்துக்குப் பொறுப்பான டீச்சர். யாழ்ப்பாணத்துக்காரர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். என் கல்யாணத்தன்று பாயாசத்தைக் குடித்துவிட்டு, மாலையும் கழுத்துமாய் நின்ற என்னிடம், "உதில சீனி கூடிப்போச்சு, பிள்ளை" என்று சொன்ன மனுஷி அவர். என் புருஷன் பஸ் டிப்போவில் வேலை செய்பவர், அவர்கூடப் பயந்துபோய் கையிலிருந்த கோப்பையை வைத்துவிட்டார்.

மிஸ்ஸின் சட்டங்கள் கறாரானவை. "அழுக்குத் துணி ஒண்டும் உள்ள வரக்கூடாது. வேர்வைதான் உதுகளுக்குச் சோறு" என்பார். அது உண்மை. சுத்தமான கம்பளியைப் புழு வேண்டாவெறுப்பாகத்தான் கடிக்கும். வேர்வை பட்ட கழுத்துப்பட்டி, அக்குள், சூப்பு சிந்திய மடி என்றால் தேடிப்போய் உட்காரும். ஒரு கோட்டில் விழுந்த ஓட்டைகளைப் பார்த்தே அதைப் போட்டிருந்த துரை எங்கே வேர்த்தார், எதைச் சிந்தினார் என்று சொல்லிவிடலாம். மிஸ்ஸும் நானும் அப்படிச் சொல்லிச் சிரித்ததுண்டு.

ஒவ்வொரு துணியையும் வெள்ளைக் காகிதத்தின்மேல் விரித்து, தையல் ஓரங்களைத் தூரிகையால் துலக்குவேன். மணல் மாதிரி ஏதாவது விழுந்தால் புழு இருக்கிறதென்று அர்த்தம். அந்த மணல் அதன் எச்சம். சிவப்புக் கோட்டைத் தின்றால் சிவப்பு மணல், கறுப்பைத் தின்றால் கறுப்பு மணல். வெயில் அடிக்கிற நாட்களில் பத்து மணியிலிருந்து இரண்டு மணிவரை வெளியே காய வைத்துத் தட்ட வேண்டும். பிறகு கழுவிய வேட்டித் துணியில் சுற்றி, வாயைத் தைத்து, பூச்சி உருண்டை போட்டு வைக்க வேண்டும். புதிதாக வருகிற சாமான் ஒரு மாதம் வெளியே தகரப் பெட்டிக்குள் இருந்துவிட்டுத்தான் உள்ளே வரலாம். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது வாசலில் நின்று முந்தானையையும் கொசுவத்தையும் உதறிவிட்டுத்தான் படியிறங்க வேண்டும். ஒரு முட்டைகூட ஒட்டிக்கொண்டு போகக் கூடாது.

இதற்கெல்லாம் அடங்காமல் பட்டாளத்துக் கோட்டில் ஒருமுறை புழு வைத்துவிட்டது. கடுங்குளிரில் வைத்தால் சாகும் என்று மிஸ் எங்கேயோ படித்திருந்தார். பதுளை முழுக்கத் தேடியதில், கடைவீதியில் இறைச்சிக் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானாவிடம்தான் பெரிய ஐஸ் பெட்டி இருந்தது. கோட்டைப் பொலித்தீனில் மூன்று சுற்றுச் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"புள்ள, சனிக்கிழம சனம் வந்து எறச்சி கேக்கிற நேரம் நான் மறதில இதத் தூக்கி வெட்டினா என்ன செய்ற?" என்றார் நானா.

"வெட்டுனீங்கன்னா மிஸ் ஒங்கள வெட்டும்" என்றேன். இரண்டு வாரம் கழித்து எடுத்தபோது புழு எல்லாம் செத்திருந்தது. கோட்டில் இறைச்சி வாடை போக மழைக்காலம் முடிய வேண்டியிருந்தது.

அந்தக் காலத்தில்தான் எங்கள் தோட்டத்துச் சனத்தை இலங்கை, இந்தியா என்று இரண்டு நாட்டு அரசாங்கமும் பங்கு போட்டுக்கொண்டு பிரித்தன. அப்பா உயிரோடு இருந்தபோது இந்தியாவுக்கு என்று எழுதிக் கொடுத்திருந்தார். அம்மாவுக்கும் தம்பிக்கும் அந்தப் பாஸ்போர்ட் வந்தது. என் புருஷனுக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை, அதனால் நான் இங்கே. தோட்டத்தில் மாவும் அரிசியும் இல்லாமல் மரவள்ளிக் கிழங்குக்கு அலைந்த பஞ்ச காலம் வேறு. போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இங்கே இருந்து என்ன சாப்பிடச் சொல்வேன்?

அப்போது இந்தியாவுக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு பதுளை ஸ்டேஷனிலிருந்து புறப்பட்ட ரயிலை ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். பேரில் ஒன்றும் மிகையில்லை. பிளாட்பாரம் முழுக்கப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு, செத்த வீட்டில் பாடுவது போலவே பாடி அழுதார்கள். அம்மாவும் தம்பியும் புறப்பட்ட அன்று தூறல். அம்மா பசறையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியபோது தலையில் கம்பளி போட்டிருந்தாள்.

கொழுந்து பறிக்கிற பெண்களுக்குத் தோட்டத்தில் கொடுக்கிற கறுப்புக் கம்பளி அது. மழைக்கும் குளிருக்கும் தலையிலிருந்து முதுகுவரை கொங்காணியாக மடித்துப் போட்டுக்கொள்வார்கள். கூடைக் கயிறு அதற்குமேல் உச்சந்தலையை அழுத்திக்கொண்டு போகும். அப்பா இறந்த வருடம் கொடுத்த கம்பளியைத்தான் அம்மா கடைசிவரை போட்டாள். அதற்குப் பிறகு கிடைத்த ஒன்றைத் தம்பிக்குப் போர்த்திவிட்டாள்.

கோச்சி ஊதியதும் அதைத் தலையிலிருந்து உருவி என் கையில் வைத்தாள்.

"இத நீ வச்சிக்கடி. அங்க வெயிலு மண்டையப் பொளக்குமாம். கம்பளியத் தூக்கிக்கிட்டுப் போயி என்னா பண்ணப் போறேன்?"

"எடுத்துக்கிட்டுப் போம்மா. வழியில குளிரும்."

"சனம் சிரிக்கும்டி. ஒங்க அப்பாவோட ஊருல கம்பளின்னா என்னான்னே தெரியாதாம்."

அப்பாவின் ஊர் துறையூர்ப் பக்கம் என்று எங்களுக்குக் கேள்வி. யாரும் பார்த்ததில்லை. இந்தியா என்றால் வெயில், இங்கே என்றால் குளிர். எங்கள் லயத்தில் அத்தனை பேருக்கும் தெரிந்த பூகோளம் அவ்வளவுதான். எட்டாம் வகுப்புவரை படித்த எனக்கும் அதற்குமேல் தெரியவில்லை. அம்மா சொன்னது சரியென்றே நினைத்தேன். கம்பளியை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டேன். அம்மாவின் தலைச்சூடு அதில் இன்னும் இருந்தது. கோச்சி போய், மற்றப் பெண்கள் எல்லாம் போய், என் புருஷன் வந்து கையைப் பிடித்து இழுக்கும்வரை அந்தச் சூடு ஆறிவிடக் கூடாது என்று அணைத்துக்கொண்டே நின்றேன்.

வீட்டுக்குப் போய் அதை முகர்ந்து பார்த்தேன். அடுப்புப் புகை, தேங்காயெண்ணெய், கொழுந்துச் சாறு, அட்டை கடிக்காமல் காலில் தேய்க்கிற சவர்க்காரம், எல்லாவற்றுக்கும் அடியில் அம்மாவின் வேர்வை. கண்ணை மூடினால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

என் அறிவு வேலை செய்திருந்தால் அன்றைக்கே அதைக் கழுவி, வெயிலில் காயவைத்துத் தட்டி, பூச்சி உருண்டை போட்டு, வாயைத் தைத்து வைத்திருக்க வேண்டும். ஊரான் வீட்டுக் கோட்டுக்கெல்லாம் வாராவாரம் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். ஆனால் கழுவினால் அம்மா போய்விடுவாள். பூச்சி உருண்டை போட்டாலும் அந்த நெடியில் அம்மா போய்விடுவாள். வெயிலில் போட்டாலும் அப்படித்தான். எனவே ஒன்றும் செய்யவில்லை. ஒரு பழைய சேலையில் சுற்றி, கட்டிலுக்கடியில் இருந்த டிரங்குப் பெட்டியில் வைத்தேன்.

முதலில் வாரத்துக்கு ஒருமுறை எடுத்து முகர்வேன். திறக்கத் திறக்க வாசம் குறைந்துகொண்டே வந்த மாதிரி இருந்தது. பிறகு மாதத்துக்கு ஒருமுறை என்று ஆக்கினேன். அதற்கும் பிறகு, தீர்ந்துவிடக் கூடாது என்ற பயத்தில் திறப்பதையே நிறுத்திவிட்டேன். இருட்டு, அசையாத இடம், வேர்வை. அந்துப்பூச்சிக்கு என்னவெல்லாம் வேண்டும் என்று மிஸ் என்னிடம் கேட்டிருந்தால் இதைத்தான் வரிசையாக ஒப்பித்திருப்பேன்.

அம்மாவிடமிருந்து முதல் கடிதங்கள் மண்டபம் முகாமிலிருந்து வந்தன. அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அவள் சொல்லச் சொல்லத் தம்பி எழுதுவான். அவனுக்கு அப்போது பதினெட்டு வயது. அப்பாவின் ஊரில் இவர்களை யாருக்கும் தெரியவில்லை, தங்க இடமும் இல்லை. கடைசியில் அரசாங்கமே வேலை கொடுத்தது. தேயிலைத் தோட்டத்தில். நீலகிரி மலையில்.

இரண்டாவது வருடம் வந்த கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன். "அக்கா, இங்கே நமுனுகுலயைவிடக் குளிர் அதிகம். காலையில் புல்லுமேல் உப்புக் கொட்டிய மாதிரி பனி வெள்ளையாகக் கிடக்கிறது. வீட்டுக்கு ஒரு போர்வைதான் தந்தார்கள். அம்மாவுக்கு இருமல் நிற்கவில்லை. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மலைக்குப் போகிறது. தன்னுடைய கம்பளியைக் கேட்கிறது. ஹல்துமுல்லையிலிருந்து ஒரு குடும்பம் அடுத்த மாதம் இங்கே வருகிறார்களாம். அவர்களிடம் கொடுத்து அனுப்பவும்."

கடிதம் வந்தது ஒரு சனிக்கிழமை. மறுநாள் கோயிலுக்குப் போய்வந்த கையோடு டிரங்குப் பெட்டியை முன்வாசல் இஸ்தோப்புக்கு இழுத்து வந்து திறந்தேன். சேலைச் சுற்றைத் தூக்கியதும் கறுப்பு மணல் கொட்டியது. வேறு யாராவது என்றால் ஏதோ தூசி என்று தட்டிவிட்டிருப்பார்கள். எனக்குத் தெரியும். அதைக் கையில் ஏந்திக்கொண்டே அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கம்பளியைப் பிரித்து வெயிலுக்கு நேரே பிடித்தேன். நடுவில், கூடைக் கயிறு அழுத்துகிற இடத்தில், காதிலிருந்து காதுவரை ஒரு கோடாகத் தின்றிருந்தது. எண்ணெய்த் தலை பட்ட இடம் முழுக்கச் சல்லடை. அப்புறம் பிடரி. அப்புறம் இரண்டு தோள். அம்மா மேல் படாமல் தொங்கிய ஓரங்கள் மட்டும் புதிது மாதிரி இருந்தன. துரைமார் கோட்டைப் பார்த்து யார் எங்கே வேர்த்தார்கள் என்று சிரித்தவள் நான். என் அம்மா எங்கேயெல்லாம் பாரம் சுமந்தாள் என்று அந்தப் புழுக்கள் எனக்குக் காட்டிவிட்டிருந்தன. முகர்ந்தும் பார்த்தேன். புழுக்கூட்டின் புழுதி வாடைதான் வந்தது.

அந்த முட்டை எங்கிருந்து வந்தது என்ற கேள்வி இன்றைக்கும் என்னை விடவில்லை. அம்மாவின் லயத்திலிருந்தே வந்திருக்கலாம். வாசலில் முந்தானையைச் சரியாக உதறாமல் அவசரமாக வீட்டுக்கு ஓடிய ஏதோ ஒரு சாயங்காலம் என் சேலையிலேயே வந்திருக்கலாம். இரண்டாவதுதான் நடந்திருக்கும் என்று என் மனது சொல்லும். என்னைத் திட்டுவதற்கு என் மனது எப்போதும் தயார்.

மறுநாள் அதைப் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு இறைச்சிக் கடைக்குப் போனேன். மிஞ்சியதையாவது காப்பாற்ற வேண்டும்.

"இது எந்தத் தொரட கோட்டு புள்ள?" என்று சிரித்தபடி நானா கேட்டார்.

"எங்க அம்மாவோட கம்பளி நானா."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். இறைச்சியை ஒதுக்கி, கையைக் கழுவிவிட்டு வந்து வாங்கி, பெட்டியின் அடியில் தனியாக வைத்தார்.

புதுக் கம்பளி வாங்கலாம் என்று பதுளை, பசறை, பண்டாரவளை என்று தேடினோம். வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத காலம் அது. தோட்டங்களில் கொடுப்பதையே நிறுத்தியிருந்தார்கள். வைத்திருந்தவர்கள் விற்க மாட்டார்கள். கிழிந்த கம்பளி என்றாலும் போர்த்திக்கொண்டுதான் மலைக்குப் போனார்கள்.

ஹல்துமுல்லைக் குடும்பம் புறப்படுவதற்கு இரண்டு நாள் இருந்தது. அன்று துணி அறையில் துரையின் கட்டம் போட்ட போர்வைக்குத் துலக்கும் முறை. காகிதத்தை விரித்துப் போர்வையைப் போட்டேன். எவ்வளவு தடிப்பு. எத்தனை வருடமாக நான் பார்த்துக் காத்த போர்வை. ஒரு நூல்கூட அறுந்திருக்கவில்லை. அதற்குள் மணிக்கட்டு வரை கையை விட்டுக்கொண்டு நின்றேன். இதைப் போர்த்திக்கொண்ட துரை செத்து மண்ணாகியிருப்பார். அதை நான் வெயிலில் காட்டி, தட்டி, தைத்து, ஒரு குழந்தையைப் போலப் பார்த்துக்கொள்கிறேன். அங்கே என்னைப் பெற்றவள் சாக்குப் போர்த்திக்கொண்டு இருமுகிறாள். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

போர்வையை மடித்து, நான் சாப்பாடு கொண்டுவருகிற, புல்லால் பின்னிய பன்பையில் திணித்தேன். பாதி வெளியே துருத்திக்கொண்டு நின்றது. மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினேன். மிஸ் முன் அறையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அவரைத் தாண்டி வாசல்வரை வந்துவிட்டேன். படியிறங்க வேண்டியதுதான் பாக்கி. பழக்க தோஷம், பையைக் கீழே வைத்துவிட்டு முந்தானையை உதறினேன். கொசுவத்தை உதறினேன். குனிந்து பையை எடுக்கப் போனபோது போர்வையின் கட்டம் துண்டுக்கடியில் எட்டிப் பார்த்தது. அவ்வளவுதான், இருந்த தைரியம் எங்கேயோ போய்விட்டது. தூரிகையை எடுத்து வைக்க மறந்துவிட்டேன் என்று மிஸ் காதில் விழும்படி முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போய், போர்வையை வேட்டியில் சுற்றித் தைத்து, இருந்த இடத்தில் வைத்தேன்.

ஹல்துமுல்லைக்காரர்களிடம் என்னுடைய ஸ்வெட்டரையும் இரண்டு தடித்த படுக்கை விரிப்புகளையும் கொடுத்தனுப்பினேன். கூடவே ஒரு கடிதம். "கம்பளியைக் கழுவப் போட்டிருக்கிறேன். மழையில் காயவில்லை. அடுத்து வருகிறவர்களிடம் கட்டாயம் அனுப்புகிறேன்." அம்மாவிடம் நான் சொன்ன பொய்களில் பெரியது அதுதான். எழுதும்போது பொய்யென்று நினைக்கவில்லை. எப்படியாவது இழையோட்டிச் சரிசெய்து அனுப்பிவிடலாம் என்று நம்பினேன்.

ஐஸ் பெட்டியிலிருந்து கம்பளி வந்ததும் வேலையைத் தொடங்கினேன். ஓரத்திலிருந்த நல்ல இழைகளை உருவி, அந்த நூலாலேயே ஓட்டைகளை அடைக்கப் பார்த்தேன். மியூசியத்தில் அப்படித்தான் செய்வோம், நிறம் மாறாது. ஓட்டையைச் சுற்றியிருந்த இழைகளும் பாதி தின்னப்பட்டவை. ஊசி இழுத்த இழுப்பில் அவையும் அறுந்தன. ஒன்றை அடைத்தால் பக்கத்தில் இரண்டு திறந்தது. மழைநாட்களில் மத்தியானச் சாப்பாட்டு நேரம், ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் விட்ட பிறகு என்று மாதக்கணக்கில் உட்கார்ந்தேன். இதற்கிடையில் இரண்டு குடும்பங்கள் நீலகிரிக்குப் போயின. இரண்டு முறையும், இன்னும் கொஞ்சம்தான், முடித்தே அனுப்பலாம் என்று விட்டுவிட்டேன்.

இதை எழுதும்போது என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. ஓட்டைக் கம்பளியை அப்படியே அனுப்பியிருக்கலாம். இரண்டாக மடித்துப் போட்டால் ஓட்டை ஓட்டையை மறைத்திருக்கும். எங்கள் தோட்டத்தில் கிழியாத கம்பளியை யார் போட்டார்கள்? ஆனால் ஏழெட்டு வருடம் மியூசியத்தில் இருந்து இருந்து, சேதப்பட்ட துணியைச் சரிசெய்யாமல் வெளியே வைக்கக் கூடாது என்பது என் கையில் ஊறிப்போயிருந்தது. அம்மா பிரித்துப் பார்த்து, "இதையா இவ்வளவு பத்திரமா வச்சிருந்த?" என்று கேட்டுவிடுவாளோ என்ற வெட்கமும் இருந்தது. வெட்கம்தான் அதிகம்.

தம்பி எழுதினான். "ஸ்வெட்டர் வந்தது. அம்மாவுக்குக் கை நுழையவில்லை. என்னைப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டது. விரிப்பைத் தலையில் போட்டால் மழையில் நனைந்து கனக்கிறது. கம்பளி எப்போது வரும் என்று கேட்கிறது. அக்கா கழுவிப் போட்டிருக்கா, அது அவ வேல, அவ கழுவுனா புதுசு மாதிரி வரும்னு லயத்தில எல்லார்கிட்டயும் சொல்லுது."

அதற்கடுத்த கடிதத்தில் தம்பியின் கையெழுத்து கோணலாக இருந்தது. நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மூன்றாம் நாள் அம்மா போய்விட்டாள். அடக்கமும் ஆகிவிட்டது. கடிதம் வந்து சேர இருபது நாள் ஆகியிருந்தது. அந்த இருபது நாளும் நான் சாப்பிட்டிருக்கிறேன், சிரித்திருக்கிறேன், கம்பளியின் பிடரிப் பக்கத்தில் இழை ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். போட்டுக்கொள்ளத் தலை இல்லாத கம்பளிக்கு.

வேலைக்குப் போகவில்லை. நாலாவது நாள் பின்னேரம் மிஸ் வீட்டுக்கு வந்தார். எங்கள் வீட்டுக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். அவர் உட்காராமல், கட்டிலில் விரித்துக் கிடந்த கம்பளியைத்தான் பார்த்தார். மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, ஓரத்தைப் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மியூசியத்தில் பார்க்கிற அதே பார்வை.

"ஆற்றை பிள்ளை இது?"

யாருடையது என்று கேட்டதும் எனக்கு அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கழுவாமல் வைத்தது, குளிர், கடிதம், பொய். போர்வையைப் பையில் வைத்ததையும் சொன்னேன். வேலை போனால் போகட்டும் என்றுதான் சொன்னேன். போலீசுக்குச் சொன்னாலும் சொல்லட்டும் என்று நினைத்தேன். திட்டு விழுந்தால் கொஞ்சம் நன்றாக இருக்கும் போலிருந்தது.

மிஸ் கம்பளியைக் கீழே வைத்தார். பிறகு, பரீட்சையில் ஒரு பிள்ளை தெரிந்த கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டால் கேட்கிற மாதிரி கேட்டார்.

"ஏன் பிள்ளை, என்னட்டக் கேட்டிருக்கலாமே. அந்தப் போர்வையை நானே எடுத்துத் தந்திருப்பன். அதை அங்க ஆர் வந்து பாக்கினம்?"

எனக்குத் திருடத் தோன்றியிருக்கிறது, கேட்கத் தோன்றவில்லை. மேலே இருக்கிறவர்களிடம் ஒன்று வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கிற வழக்கம் எங்கள் லயத்தில் யாருக்கும் இருந்ததில்லை. அவர்களாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்வோம், கொடுக்காவிட்டால் தலையைக் குனிந்துகொண்டு போவோம். அம்மா அப்படித்தான் இருந்தாள், நானும் அப்படித்தான் அவரைத் தாண்டி வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். பத்தடி தூரத்தில் அவர் உட்கார்ந்திருந்தார்.

மிஸ் ஆறுதலுக்காக அப்படிச் சொல்கிறார், உண்மையில் கேட்டிருந்தால் தந்திருக்க மாட்டார் என்று நம்பத்தான் அன்றைக்கு முழுக்க முயன்றேன். இன்றைக்கும் சில வேளைகளில் முயன்று பார்க்கிறேன். முடியவில்லை. அந்த மனுஷிக்கு ஆறுதலுக்காகப் பொய் சொல்லத் தெரியாது.